பிஃப்: ஒரு நாயும் ஒரு பிட்டும்

மெயில் வந்ததும் தானாகத் தெரிவிக்கும் ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று, 1980-ல் 4.0 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த 'பிஃப்'. எழுதியவர் பெர்க்லியின் ஜான் ஃபோடராரோ. பெயர், அங்கே எல்லோருக்கும் பழக்கமான ஒரு நாயினுடையது. தபால்காரரைப் பார்த்தாலே குரைக்குமாம், அதனால் இந்தப் பெயராம். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் கட்டுக்கதை. நாயை வளர்த்த ஹெய்டி ஸ்டெட்னரே அதை மறுத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அது வேலை செய்யும் விதம். யூனிக்ஸில் டெர்மினலும் ஒரு கோப்புதான். ஆனால் அதை யாரும் நிரலாக ஓட்டப்போவதில்லை. ஆகவே அதன் 'இயக்க அனுமதி' பிட் சும்மா கிடந்தது. 'பிஃப் ஒய்' என்று தட்டினால் அந்த பிட் 1 ஆகும். 'பிஃப் என்' என்றால் 0. அவ்வளவுதான் பிஃப்.

மீதி வேலை பின்னணியில் ஓடும் டீமனுடையது. 1983-ன் 4.2 பிஎஸ்டியில் அதன் பெயர் காம்சாட். மெயில் வந்து சேர்ந்ததும் அதற்குத் தகவல் போகும். அது உங்கள் டெர்மினலின் பிட்டைப் பார்க்கும். 1 என்றால் மெயிலின் முதல் சில வரிகளைத் திரையில் கொட்டும். நீங்கள் எடிட்டரில் மும்முரமாக இருந்தாலும் சரி, நடுவில் வந்து விழும்!

தொந்தரவுதான். ஆனால் நீங்களாகக் கேட்டு வாங்கிய தொந்தரவு. வேண்டாமென்றால் ஒரே ஒரு எழுத்தில் நிறுத்திவிடலாம். இன்றைக்கு நம்ம போனில் ஒரு ஆப்பின் வாயை மூட எத்தனை மெனுக்களைத் துழாவுகிறோம், எண்ணிப் பாருங்கள்.