கூட்டுப்படைகளில் ‘தேசிய நிபந்தனைகள்’: யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் ஈராக்கிலுள்ள சமாவா நகருக்கு ஜப்பானியத் தரைப்படையினர் சுமார் 600 பேர் வந்து சேர்ந்தனர். குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்தனர், பள்ளிக்கூடங்களையும் சாலைகளையும் பழுதுபார்த்தனர், மருத்துவமனைகளுக்கு உதவினர். தற்காப்புக்காக அன்றி ஆயுதத்தைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி இல்லை. போரைக் கைவிடுவதாகக் கூறும் ஜப்பானிய அரசியல் சாசனத்தின் 9-ஆவது பிரிவே அதற்குக் காரணம். அந்தப் பகுதியின் பாதுகாப்பை முதலில் நெதர்லாந்துப் படையும், 2005-இல் அது வெளியேறிய பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகளும் கவனித்துக்கொண்டன.

ஒரு நாட்டின் ராணுவத்துக்கு இன்னொரு நாட்டின் ராணுவம் காவல் இருப்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பல நாடுகள் சேர்ந்து அமைக்கும் படைகளில் இது போன்ற ஏற்பாடுகள் சாதாரணமானவை. இவற்றை ‘தேசிய நிபந்தனைகள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் ‘கேவியட்’. நீதிமன்றச் செய்திகளில் ‘கேவியட் மனு’ என்று நாம் படிக்கும் அதே இலத்தீன் சொல்தான்.

நிபந்தனை எப்படிச் செயல்படுகிறது?

ஐ.நா. அமைதிப்படையானாலும் நேட்டோ படையானாலும், தன் வீரர்கள் மீதான முழு அதிகாரத்தை எந்த நாடும் விட்டுக்கொடுப்பதில்லை. அன்றாட நடவடிக்கைகளை வழிநடத்தும் அதிகாரம் மட்டுமே கூட்டுப்படைத் தளபதியிடம் ஒப்படைக்கப்படுகிறது. எந்த மாகாணத்துக்கு வெளியே போகக்கூடாது, எந்த ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடாது, கைதிகளைப் பிடிக்கலாமா, கலவரத்தை அடக்கலாமா என்பதையெல்லாம் அந்தந்த நாட்டு அரசே முடிவு செய்கிறது. ஒவ்வொரு நாட்டுப் படைப்பிரிவிலும் ஒரு மூத்த அதிகாரி இருப்பார். தளபதியின் உத்தரவு தன் நாட்டு நிபந்தனைக்கு முரணாக இருந்தால் அதை மறுப்பது அவருடைய பொறுப்பு. கால்பந்து நடுவரைப் போல ‘சிவப்பு அட்டை’ காட்டுவது என்று ராணுவத்தினர் இதைச் சொல்வார்கள்.

நிபந்தனைகளில் இரண்டு வகை உண்டு. முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கப்படுபவை ஒரு வகை. அறிவிக்காமல் மனத்தில் வைத்திருந்து, நெருக்கடி வந்ததும் ‘தலைநகரிலிருந்து அனுமதி இல்லை’ என்று சொல்லப்படுபவை மற்றொரு வகை. முதல் வகையை வைத்துத் தளபதி திட்டமிட முடியும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது.

ஏன் விதிக்கிறார்கள்?

இதை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின் கசப்பான வரலாறு ஜெர்மனிக்கு உண்டு. ராணுவத்தை ஆயுதமேந்திய பணிக்கு வெளிநாடு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. எத்தனை பேர், எந்த இடத்துக்கு, எவ்வளவு காலம் என்று வரையறுத்தே அங்கே அனுமதி தரப்படுகிறது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கி, ஆப்கானிஸ்தானிலிருந்த சர்வதேசப் படைக்கு இரண்டு முறை தலைமை தாங்கியது. ஆயினும் தன் வீரர்களைத் தாக்குதல் நடவடிக்கைகளில் ஈடுபடுத்த அது மறுத்துவிட்டது. ‘போகவே மாட்டோம்’ என்று சொல்வது இன்னும் ஒரு படி மேல். ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாது என்று 2003 ஜூலையில் இந்தியா மறுத்தது. அந்த மறுப்பு சரியே என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

ஆப்கானிஸ்தானில் நடந்தது

ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2001 டிசம்பரில் அனுமதித்த சர்வதேசப் படையின் தலைமையை 2003-இல் நேட்டோ ஏற்றது. ஒப்பீட்டளவில் அமைதியான வடக்கில் ஜெர்மனியும் மேற்கில் இத்தாலியும் பொறுப்பேற்றன. கடும் சண்டை நடந்த தெற்கில் பிரிட்டன், கனடா, நெதர்லாந்துப் படைகள் இருந்தன. 2006 நவம்பரில் ரீகாவில் கூடிய நேட்டோ தலைவர்கள், அவசர காலத்தில் ஒருவருக்கொருவர் உதவ ஒப்புக்கொண்டனர். ஆனாலும் சுமை சமமாகவில்லை. சிலர் சாகத் தயாராக இருக்க, சிலர் தயாராக இல்லாத இரண்டடுக்குக் கூட்டணியாக நேட்டோ மாறிவிடக்கூடாது என்று 2008-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் எச்சரித்தார்.

நிபந்தனை இருந்தால் பொதுமக்கள் உயிர் தப்பும் என்று நாம் நினைக்கலாம். எப்போதும் அப்படி இல்லை. 2007-இல் ஜெர்மனி அனுப்பிய டொர்னாடோ விமானங்களுக்குப் படமெடுத்து உளவு பார்க்கும் பணி மட்டுமே தரப்பட்டது; குண்டு வீச அனுமதி இல்லை. ஆனால் 2009 செப்டம்பரில் குண்டூஸ் அருகே கடத்தப்பட்ட இரண்டு எரிபொருள் லாரிகள் மீது அமெரிக்க விமானங்களை வரவழைத்துக் குண்டு வீசச் செய்தவர் ஒரு ஜெர்மன் அதிகாரிதான். எரிபொருள் எடுக்கக் கூடியிருந்த கிராம மக்கள் உட்பட ஏராளமானோர் கொல்லப்பட்டனர். சம்பவத்தின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பின்னர் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. தன் கைக்குப் போட்ட விலங்கு, அடுத்தவர் கையைக் கொண்டு செய்வதைத் தடுக்கவில்லை.

நம்பியிருந்தவர்கள்

நிபந்தனைகளின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள், பாதுகாப்பை நம்பி அங்கே இருக்கும் பொதுமக்கள்.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று ஐ.நா. அறிவித்தது. அது போன்ற ஆறு பகுதிகளைக் காக்கக் கூடுதலாகச் சுமார் 34,000 வீரர்கள் தேவை என்று கணக்கிடப்பட்டது. நாடுகள் முன்வராததால் சுமார் 7,600 பேருக்கே அனுமதி கிடைத்தது. 1995 ஜூலை 11 அன்று செர்பியப் படை நகரைக் கைப்பற்ற வந்தபோது நேட்டோ விமானங்கள் சிறிய அளவில் தாக்கின. தங்களிடம் பிடிபட்டிருந்த டச்சு வீரர்களைக் கொன்றுவிடுவதாக செர்பியர்கள் மிரட்டினர். உடனே நெதர்லாந்துப் பாதுகாப்பு அமைச்சர் விமானத் தாக்குதலை நிறுத்தக் கோரினார். அது முன்பே எழுதி வைத்த நிபந்தனை அல்ல. நெருக்கடி நேரத்தில் தலைநகரிலிருந்து வந்த குரல். அடுத்த நாட்களில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். டச்சு முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 ஆண்களின் மரணத்தில் தன் நாட்டுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது.

மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். 2004 மார்ச்சில் கொசோவோவில் அல்பேனியக் கும்பல்கள் சிறுபான்மை செர்பியர்களையும் ரோமா மக்களையும் தாக்கின. 19 பேர் இறந்தனர். 4,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். தேவாலயங்களும் மடங்களும் எரிக்கப்பட்டன. நேட்டோ படையினர் சுமார் 17,000 பேர் அங்கே இருந்தும் தடுக்க முடியவில்லை. கலவரத்தை அடக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சில நாட்டுப் பிரிவுகள் இருந்துவிட்டன. பிரிஸ்ரென் நகரில் ஜெர்மன் படை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஸ்ரெப்ரெனிட்சாவில் இறந்தவர்கள் முஸ்லிம்கள். கொசோவோவில் துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தடுக்க வேண்டியவர்கள் தயங்கி நிற்கும்போது, பாதிக்கப்படுபவர் எந்த மதம் என்ற வேறுபாடு இல்லை.

ஐ.நா. பணிகளிலும் இதே நிலைதான். 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் பாதிக்கப்பட்ட 507 சம்பவங்களை ஐ.நா.வின் உள் ஆய்வுப் பிரிவு பரிசீலித்தது. உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டுமே. வீரர்கள் ஐ.நா. தளபதிக்கும் சொந்த நாட்டு அரசுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டிருப்பதை ஒரு முக்கியக் காரணமாக அந்த அறிக்கை சுட்டியது.

நாம் எப்படிப் பார்ப்பது?

தன் பிள்ளைகளை எந்தப் போருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. அநியாயமான உத்தரவை மறுக்கவும் அந்த உரிமை பயன்படும். எனவே நிபந்தனையே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘உங்களைக் காப்போம்’ என்று ஒரு மக்கள் கூட்டத்திடம் சொன்ன பிறகு, அவர்களுடைய உயிர் அமானிதமாகிவிடுகிறது. காக்க முடியாது என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள். நிபந்தனையை மறைத்து வாக்குறுதியை மட்டும் காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் துரோகம்.

இனி ‘சர்வதேசப் படை அனுப்பப்படும்’ என்ற செய்தியைப் படிக்கும்போது, எத்தனை நாடுகள், எத்தனை வீரர்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஆபத்து வரும் இரவில் அவர்கள் யாருடைய உத்தரவுக்குக் காத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.