சங்கிலியும் தொலைவும்: தமிழ்நாட்டு மனநல மருத்துவ வரலாற்றில் குடும்பத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் மனநோய்க்கான சிகிச்சை வரலாறு பெரும்பாலும் நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான போராட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. 2001 ஏர்வாடித் தீவிபத்துக்குப் பின் இப்பார்வை மேலும் வலுப்பெற்றது. சென்னைக் காப்பகம், வழிபாட்டிடங்கள், வேலூர் மனநல மையம், ஏர்வாடி விடுதிகள் ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, நோயாளியின் வீட்டுக்கும் சிகிச்சையிடத்துக்கும் இடைப்பட்ட தொலைவும், அவ்விடத்தில் குடும்பத்துக்கு இருந்த இடமும் இவ்வரலாற்றைத் தீர்மானித்த காரணிகள் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மனநல மருத்துவம், கீழ்ப்பாக்கம், ஏர்வாடி, குணசீலம், வேலூர், குடும்பப் பராமரிப்பு, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017.

முன்னுரை

தமிழ்ப் பேச்சுவழக்கில் கீழ்ப்பாக்கம், குணசீலம், ஏர்வாடி என்னும் மூன்று ஊர்ப்பெயர்கள் தம் நிலவியல் பொருளை இழந்து, மனநோயைச் சுட்டும் சொற்களாக, பல வேளைகளில் ஏளனச் சொற்களாக, வழங்குகின்றன. முதலாவது அரசு மருத்துவமனை, இரண்டாவது பெருமாள் கோயில், மூன்றாவது தர்கா. மூன்றும் வேறுவேறு நம்பிக்கைகளின் மேல் நிற்பவை. எனினும் வழக்கு அவற்றை ஒரே பொருளில் ஆள்கிறது. நோயுற்றவரை ஊரிலிருந்து அகற்றிக் 'கொண்டுபோய் விடும்' இடம் என்பதே அப்பொருள். நோயின் பெயரால் அன்றி இடத்தின் பெயரால் நோயாளியைச் சுட்டும் இவ்வழக்கு, சிகிச்சை என்பது தொலைவுக்கு அனுப்புதல் என்றே நெடுங்காலம் உணரப்பட்டதைக் காட்டுகிறது. அந்தத் தொலைவு எவ்வாறு உருவாயிற்று, அதனால் விளைந்தவை யாவை என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

சென்னைக் காப்பகமும் சேர்க்கைச் சட்டமும்

1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கானலி, 16 பேர் தங்கத்தக்க ஒரு வீட்டைச் சென்னையில் மனநோயாளர்க்கெனத் தொடங்கினார். 1871இல் காப்பகம் 145 பேருடன் கீழ்ப்பாக்கத்தின் லோக்காக் தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1922இல் அது 'அரசு மனநோய் மருத்துவமனை' எனவும், 1978இல் 'மனநலக் கழகம்' எனவும் பெயர் மாற்றம் பெற்றது. காப்பகம், மருத்துவமனை, கழகம் என்னும் இப்பெயர் வரிசை அரசின் நோக்கம் காலந்தோறும் மாறியதைக் காட்டுகிறது. ஆயின் இடம் மாறவில்லை. மாகாணத்தின் தமிழ்ப் பகுதி முழுமைக்கும், பின்னர் மாநிலம் முழுமைக்கும், பெரிய அரசு மனநோய் மருத்துவமனை தலைநகரில் இருந்த இந்த ஒன்றே. 1,800 படுக்கைகள் கொண்ட பேரமைப்பாக அது வளர்ந்ததும் இதன் விளைவே.

சேர்க்கைக்கான சட்டமும் இத்தொலைவைக் கூட்டியது. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம், நோயாளியை அனுமதிக்கும் அதிகாரத்தை மருத்துவரிடம் அளிக்காமல் நடுவரிடம் அளித்தது. உறவினர் மனு அளிக்க வேண்டும். இரு மருத்துவச் சான்றுகள் இணைக்க வேண்டும். நடுவர் ஆணை பிறப்பிக்க வேண்டும். தெருவில் திரிவோரைக் காவல்துறை பிடித்து நடுவர் முன் நிறுத்தியது. தாமாக முன்வந்து சேர்வதற்கும் சட்டம் இடமளித்தது எனினும், அதன் பொதுப்போக்கு நீதிமன்ற நடைமுறையாகவே இருந்தது. இந்த அமைப்பில் குடும்பத்தின் பங்கு மனுவில் தொடங்கி மனுவிலேயே முடிந்தது. வாயிலைக் கடந்தபின் உறவினர் பார்வையாளர் மட்டுமே. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை இந்நிலையே சட்டநிலையாக இருந்தது.

வழிபாட்டிடங்கள்: உடனுறைதல் என்னும் முறை

இதே காலத்தில் மக்கள் நாடிய வழிபாட்டிடங்கள் முற்றிலும் வேறான ஏற்பாட்டைக் கொண்டிருந்தன. திருச்சிராப்பள்ளி மாவட்டம் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் நோயுற்றவர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவது மரபு. ஏர்வாடி தர்காவில் நீரும் விளக்கெண்ணெயும் மருந்தாகக் கருதப்பட்டன. வீடு திரும்பலாம் என்னும் உத்தரவு கனவில் வரும்வரை காத்திருத்தல் வழக்கமாயிற்று. இவ்விடங்களில் நடுவர் ஆணை தேவையில்லை, சான்றிதழ் தேவையில்லை, நோயின் பெயரைச் சொல்லவும் தேவையில்லை. எல்லாவற்றினும் முதன்மையானது, தாயோ மனைவியோ உடன்பிறந்தாரோ நோயாளியுடன் தங்கலாம் என்பது.

இத்தங்குதலின் பயன் அறிவியல் நோக்கிலும் ஆராயப்பட்டது. ஒட்டன்சத்திரம் பகுதியில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் குழு ஒன்று ஆராய்ந்து, அதன் முடிவை 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டது. சராசரியாக ஆறு வாரம் தங்கிய இவர்களின் நோயறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்தோ குறிப்பிட்ட சடங்குச் சிகிச்சையோ அளிக்கப்படாத அவ்விடத்தில், அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில் உறவினருடன் தங்கியதே இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம் என்று அவ்வாய்வு கருதியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதனைக் கோயில் மருத்துவத்துக்கான சான்றாகக் கொள்ள இயலாது. மக்கள் அங்குச் செல்வதற்கு மூடநம்பிக்கை ஒன்றே காரணம் என்னும் எளிய விளக்கம் போதாது என்பதற்கு மட்டும் இது சான்றாகும்.

வேலூர்: மருத்துவமனைக்குள் குடும்பம்

குடும்பத்தின் உடனுறைவு வழிபாட்டிடத்துக்கு மட்டுமே உரியது அன்று. 1950களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளியுடன் உறவினரையும் தங்கச் செய்தார். 1957இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், உறவினர் ஒருவர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. நோயின் இயல்பு, மருந்து தரும் முறை, நோய் மீளும்போது தோன்றும் முன்குறிகள் ஆகியவற்றைக் குடும்பம் அங்கேயே கற்றது. வீடு திரும்பும்போது அந்த அறிவும் உடன் சென்றது.

1950களில் மனநோய்க்கான புதிய மருந்துகள் உலகெங்கும் பரவியதால் இம்முறைக்குப் பெரும் பொருள் உண்டாயிற்று. மருந்தால் அறிகுறிகள் தணிந்தவர் வீட்டில் வாழலாம். ஆனால் மருந்து தொடர வேண்டும். எனவே சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே நிகழ வேண்டியதாயிற்று. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய எம். சாரதா மேனன் இதனை உணர்ந்து, மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் அமைய உழைத்தார். 1984இல் அவர் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 'ஸ்கார்ஃப்', மறுவாழ்வைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. 1981–82இல் சென்னையில் சேர்க்கப்பட்ட 90 மனச்சிதைவு நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, தொடர் சிகிச்சை பெற்றவருள் கணிசமானோர் வேலையும் குடும்பமுமாக வாழ இயலும் என்பதைக் காட்டியது. 'தீராத நோய்' என்னும் கருத்துக்கு எதிரான வலுவான தமிழ்நாட்டுச் சான்று இது.

தொலைவின் கணக்கு: நல்லூரிலிருந்து ஒரு பார்வை

தொலைவு என்பதை ஊர் நிலையில் வைத்துப் பார்த்தால் அதன் எடை புலப்படும். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் பகுதி வேளாண்மையைச் சார்ந்தது. அண்மை நகரமான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்த சந்திப்பு விருத்தாசலம் என்பதால் போக்குவரத்து வசதியற்ற பகுதி என இதனைக் கூற இயலாது. ஆயினும் இங்கிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மனச்சிதைவுக்கான மருந்தை மாதந்தோறும் கீழ்ப்பாக்கத்தில் பெற வேண்டுமெனில், கூலி வேலை செய்யும் குடும்பம் இருவரின் பயணச்செலவையும் குறைந்தது இரண்டு நாள் கூலியையும் மாதந்தோறும் இழக்க வேண்டும். மருந்து இலவசமாயினும் சிகிச்சை இலவசமாவதில்லை. நோய் சற்றுத் தணிந்ததும் பயணம் நிற்கிறது, பயணம் நின்றதும் மருந்து நிற்கிறது, நோய் மீள்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டிவைத்தலும், தொலைவிலுள்ள விடுதியில் விட்டுவருதலும் இந்தச் சுழற்சியின் முடிவில் வருபவை.

புதுச்சேரி ஜிப்மர், 1985இல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஆகியவை வளர்ந்தபின் இப்பகுதிக்கு இத்தொலைவு குறைந்தது. தென்கோடி மாவட்டங்களுக்குக் கீழ்ப்பாக்கம் 500 கிலோமீட்டர் தொலைவாகவே நீடித்தது. 1982இல் அறிவிக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1996–97இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், நாடு முழுவதிலும் முதற்கண் தேர்ந்த நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இராமநாதபுரம் அந்த முதற்பட்டியலில் இல்லை.

ஏர்வாடி, 2001

இராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகியது இப்பின்னணியில்தான். நோயாளியுடன் மாதக்கணக்கில் தங்க இயலாத குடும்பங்கள் விடுதி நடத்துவோரிடம் மாதக்கட்டணம் செலுத்தி அவரை ஒப்படைத்தன. உடனுறையும் உறவினர் அகன்றதும், அவருடைய இடத்தைச் சங்கிலி நிரப்பியது. தர்காவின் மரபு உடனுறைதல். விடுதியின் முறை காவல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும்.

2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் அத்தகைய விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து ஏற்ற வழக்கின் தலைப்பில், முதலில் அறியப்பட்ட 25 என்னும் எண்ணிக்கையே நிலைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் விடுதிகள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் கொள்ளப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அண்மையில் சிகிச்சை இல்லாததால் தோன்றிய துயரத்துக்கு அரசிடம் அன்றிருந்த விடையும் தொலைவிலேயே இருந்தது.

2002 பிப்ரவரியில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு மாநிலமும் மனநலப் பராமரிப்பு இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஓர் அரசு மனநோய் மருத்துவமனையேனும் இருக்க வேண்டும், நோயாளரைச் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்பதை ஊரகங்களில் பரப்ப வேண்டும் எனப் பணித்தது. தமிழ்நாட்டில் அத்தகைய மருத்துவமனை இரு நூற்றாண்டுகளாக இருந்தும் ஏர்வாடி நிகழ்ந்தது என்பது இங்கு எண்ணத்தக்கது. மாநிலத்துக்கு ஒன்று என்னும் அளவுகோல் போதாமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டமும் குடும்பமும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இந்த அளவுகோலை மாற்றியது. அதன் 18ஆம் பிரிவு மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையை அளிக்கிறது. 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தன் சிகிச்சை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் பேராளரைத் தானே தேர்ந்தெடுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. பேராளர் உறவினராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்விடத்தில் குடும்பம் பற்றிய ஒரு மறுப்பைக் கருத வேண்டும். கட்டிவைத்ததும் கைவிட்டதும் பல வேளைகளில் குடும்பமே அல்லவா என்பதே அது. மனச்சிதைவால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றிச் சென்னையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, சட்டப்படி மணவிலக்கும் இன்றி, வாழ்க்கைப்படியும் இன்றி, முதிய பெற்றோரைச் சார்ந்தே அவர்கள் வாழ்ந்ததைப் பதிவு செய்தது. பெற்றோருக்குப் பின் அவர்களுக்கு யார் என்பது விடையற்ற வினா. 1993 முதல் சென்னையில் இயங்கும் 'பான்யன்' அமைப்பு, தெருவில் வாழ்ந்த மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடமாகத் தோன்றி, பின்னர் அவர்கள் சிறு குழுக்களாக ஊர்நடுவே வீடெடுத்து வாழும் ஏற்பாட்டையும் உருவாக்கியது. எனவே குடும்பத்தைப் போற்றுதல் இங்கு நோக்கம் அன்று. உடனிருப்போர் இன்றிச் சிகிச்சை நிலைக்காது. அவ்வாறு உடனிருப்போர் இரத்த உறவினராகவே இருக்க வேண்டியதும் இல்லை என்பதே பெறப்படும் கருத்து.

இக்கருத்துக்குக் கள ஆய்வுச் சான்றும் உண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் 282 மனச்சிதைவு நோயாளரிடையே நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடுதேடிச் சென்று ஆதரவளித்தபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரை விட அவர்களின் இயலாமை ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. பயன் மிகுதியாகத் தெரிந்த இடம் தமிழ்நாட்டுக் களமே. ஏர்வாடியில் பின்னர் அரசு நடைமுறைப்படுத்திய 'தவா–துவா' திட்டமும் இந்நெறிப்பட்டதே. குசராத்தின் உனாவா தர்காவில் 2008இல் தொடங்கிய முன்மாதிரியைப் பின்பற்றி, மருந்தும் வேண்டுதலும் ஒரே இடத்தில் கிடைக்க அது வழிசெய்தது.

முடிவுரை

தேசிய மனநல அளவாய்வு 2015–16 நாட்டின் வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. இத்துணைப் பேருக்கான சிகிச்சையைத் தொலைவிலுள்ள சில பெரிய மருத்துவமனைகளால் அளிக்க இயலாது. மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, சங்கிலி நம்பிக்கையின் எச்சம் என்பதினும், அண்மையில் சிகிச்சையும் உடனிருக்க ஆளும் இல்லாமையின் விளைவு என்பதே பொருந்தும். இரண்டாவது, வழிபாட்டிடம் தந்த உடனுறைதலை மருத்துவமனையும் தர இயலும் என்பதை வேலூர் 1957லேயே மெய்ப்பித்தது. அது பொதுமுறையாகாமல் போனதே இழப்பு. மூன்றாவது, சங்கிலியைத் தடைசெய்யும் சட்டம், மருந்தையும் ஆதரவையும் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுடன் இணையும்போதே முழுமை பெறும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. மாதந்தோறும் தவறாமல் மருந்து தேவைப்படுவதில் மனச்சிதைவு அந்நோய்களிலிருந்து வேறுபட்டதன்று. நல்லூர் போன்ற ஊர்களில் அம்மருந்து மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்கிறதா என்பதைக் கொண்டே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வெற்றியை இனிவரும் ஆய்வுகள் அளவிட வேண்டும்.