பூமர் முதல் சொல்விளம்பி வரை

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சின்னக் கலவரம். தாத்தா வழக்கம்போல காலையில் ரோஜாப்பூ படம் போட்டு ஒரு பொன்மொழி அனுப்பினார். எட்டாவது படிக்கும் சித்தி பெண் அதற்குக் கீழே "செம பூமர் வைப்" என்று எழுதிவிட்டாள். தாத்தா எனக்கு போன் செய்து அர்த்தம் கேட்டார். நான் மழுப்பிவிட்டேன். வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார் போல. ஒரு வார்த்தை பேசாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். மூன்று வாரமாக ரோஜாப்பூ இல்லை.

இதில் காமெடி என்னவென்றால் தாத்தா பிறந்தது 1951-இல். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவில் ஏராளமாகக் குழந்தைகள் பிறந்தார்களே, 1946 முதல் 1964 வரை, அந்தத் தலைமுறைக்குத்தான் பூமர் என்று பெயர். வருஷக் கணக்குப்படி தாத்தா அசல் பூமர்! 2019-இல் அந்தச் சொல் கிண்டலாக மாறி இணையம் முழுக்கச் சுற்றியது. நம்ம ஊருக்கு வந்ததும் வயசுக் கணக்கு காணாமல் போய், அட்வைஸ் பண்ணுகிற எவரும், முப்பது வயசு அண்ணன்கூட, "பூமர் அங்கிள்" ஆகிவிட்டார். (எங்கள் அப்பாவுக்கு பூமர் என்றால் பபுள்கம். அது தனிக்கதை.)

நான் மட்டும் யோக்கியமா? அவள் "சிக்மா", "ஸ்கிபிடி" என்று ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. "என்ன மொக்கை இது" என்றேன். "அண்ணா, மொக்கைன்னு எல்லாம் இப்ப யாரு சொல்றா?" என்றாள். கல்லூரி மூன்றாம் வருஷத்திலேயே நான் கிழவன்.

அந்தக் கடுப்பில்தான் கொஞ்சம் பழைய கதைகளைத் தேடினேன். முதலில் நன்னூல். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, குழூஉக்குறி? ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பார்கள், வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பார்கள் என்று உரைகளில் உதாரணம் வரும். உள்ளே போனால் எல்லாவற்றையும் உளற வைப்பது, அதனால் சொல்விளம்பி! இதைவிட நல்ல மீம் இன்றைக்குக்கூட யாரும் போடவில்லை என்பது என் கருத்து. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பவணந்தி முனிவர் இதைத் தவறு என்று தள்ளவில்லை. வழக்கு என்று இடம் கொடுத்தார். பழைய சொற்கள் போவதும் புதியவை வருவதும் குற்றமில்லை என்று சொல்லித்தான் நூலையே முடிக்கிறார்.

இலக்கணம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது மனுஷர்களுக்கு ஏன் கோபம் வருகிறது? இதற்கு எங்கள் காஞ்சிபுரத்திலேயே ஒரு கதை உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது குமரகோட்டம். அங்கே அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதினார். பத்தாயிரத்துக்கும் மேல் பாடல். அரங்கேற்றத்தில் முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே ஒரு புலவர் எழுந்து நிறுத்திவிட்டாராம். "திகழ்" என்பதும் "தச" என்பதும் சேர்ந்து "திகட" என்று ஆகியிருக்கிறது. இந்தப் புணர்ச்சிக்கு எந்த இலக்கணத்தில் விதி? தொல்காப்பியத்தில் இல்லையே! சபை கலைந்தது. மறுநாள் முருகனே சோழநாட்டுப் புலவர் வேஷத்தில் வந்து, வீரசோழியத்தைப் பிரித்துக் காட்டினார் என்பது ஐதீகம். அந்த அரங்கேற்ற மண்டபத்தை இன்றைக்கும் கோயிலில் பார்க்கலாம்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்குப் பிடித்தது வேறு. வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டு நூல், தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். சைவப் புராணத்தின் முதல் சொல்லைக் காப்பாற்றியது ஒரு பௌத்தரின் புது இலக்கணம்! இன்னொன்று, அந்தச் சபையில் யாரும் "திகட என்றால் புரியவில்லை" என்று சொல்லவில்லை. "யார் அனுமதித்தது?" என்றுதான் கேட்டார்கள். தாத்தாவின் கோபமும் என் கோபமும் அதே கேள்விதான் என்று படுகிறது. நம்மைக் கேட்காமல் ஒரு சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது, அதற்கு அர்த்தம் கேட்க நாம் ஒரு எட்டாவது படிக்கும் பெண்ணிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தங்கிலீஷைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது சோம்பேறித்தனத்தில் மட்டும் வந்ததில்லை. பழைய செல்போன்களில் பலவற்றில் தமிழ் எழுத்தே வராது. வந்தாலும், ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70 தான். காசு போட்டு மெசேஜ் அனுப்பிய பசங்க எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? கலப்பு நடையும் இந்த ஊருக்குப் புதிதில்லை. காஞ்சி தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர் தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளத்தில் பெரிய நூல்களே எழுதியிருக்கிறார்.

சரி, தாத்தாவிடம் வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு நேரிலேயே போனேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. "உங்க காலத்துல உங்கப்பாவுக்கு எரிச்சல் வர்ற மாதிரி எதுவும் பேசினதில்லையா தாத்தா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "வணக்கம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னார். 1967-இல் அவருக்குப் பதினாறு வயசு. எங்கள் ஊர்க்காரரான அண்ணா முதலமைச்சர் ஆன வருஷம். மேடைகளில் நமஸ்காரம் போய் வணக்கம், அக்கிராசனர் போய்த் தலைவர், அபேட்சகர் போய் வேட்பாளர், பிரசங்கம் போய்ச் சொற்பொழிவு, ஸ்ரீ போய்த் திரு என்று எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. (1916-இல் வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இதற்கு முன்கதை.) கொள்ளுத்தாத்தா பட்டு வாங்க வந்தவருக்கு "நமஸ்காரம்" சொல்ல, இவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கையைக் கூப்பி அடுக்குமொழியில் வணக்கம் போட்டிருக்கிறார். "கட்சிக்காரன் பேச்சு வீட்டுக்குள்ள வேணாம்னு நாடாவைத் தூக்கி எறிஞ்சாருடா."

இன்றைக்கு வணக்கத்தைவிட மரியாதையான சொல் எங்கள் வீட்டில் கிடையாது. அதைச் சொன்னேன். "அதுவும் இதுவும் ஒண்ணா? அது தமிழுடா" என்றார். அது நியாயமான பதில்தான், எனக்கு உடனே மறுக்கத் தெரியவில்லை. ஆனால் அவர் தறியில் ஓடியது ஜரிகை, பாரசீகத்திலிருந்து வந்த சொல். மேலே தொங்கியது ஜக்கார்டு, பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர். சொன்னதும் முறைத்தார். பிறகு லேசாகச் சிரித்தார் :-)

அன்றைக்குக் கோர்வை என்றால் என்ன என்று கேட்டேன். சேலையின் உடலையும் வேறு நிறக் கரையையும் மூன்று நாடா போட்டுப் பிணைத்து நெய்வது, பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கையாலேயே காற்றில் நெய்து காட்டினார். நெசவாளி பேரன் எனக்கு அந்தச் சொல் கடை போர்டில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். பாவு, ஊடை, இன்னும் என்னென்னவோ சொன்னார். போனில் குறித்துக்கொண்டேன், பாதி எழுத்துப்பிழை.

குரூப்பில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு நேர்ல வரட்டும்" என்கிறார். வரும் சனிக்கிழமை அவளை அழைத்துப் போகிறேன். என்ன பேசக்கூடாது என்று இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.