மௌனம் எப்போது சம்மதமானது? - பாலிசியை முறித்துக்கொள்வதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

காப்பீடு பற்றி நாம் படித்திருப்பதெல்லாம் சேர்ந்தவர்களின் வரலாறு. 1818-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கிய ஓரியண்டல் கம்பெனி, 1870-ல் இந்திய உயிருக்கும் அதே பிரிமியம்தான் என்று வந்த பம்பாய் மியூச்சுவல், 1956-ல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எழுந்த எல்.ஐ.சி. என்று இந்தக் கதையாடல் ஏறுமுகமாகவே போகிறது. விட்டு விலகியவர்களுக்கு இதில் இடமில்லை. தவணை கட்ட முடியாமல் நின்றுபோனவள், 'இது நமக்கு வேணாம்பா' என்று முடிவெடுத்தவன் எல்லோரும் 'லேப்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூடப்பட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லைத் திறந்து பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

பாலிசியை முறித்துப் பணத்தைத் திரும்ப வாங்குவதை நம்ம பக்கம் 'சரண்டர் பண்றது' என்கிறோம். தேடப்படுகிறவன் கோர்ட்டில் பண்ணுவதும் சரண்டர்தான். தன் காசைத் திரும்பக் கேட்கிறவன்கூடத் தோற்றவனின் சொல்லைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நம் மரபில் சரணாகதிக்கு இரண்டு உவமைகள் உண்டு. வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி. அது தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி. அது சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். ஏஜெண்டிடம் கையால் பணம் கொடுத்து ரசீது வாங்கிய காலம் குரங்குக்குட்டிக் காலம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்தம் ஆகிற இக்காலம் பூனைக்குட்டிக் காலம். குட்டி இறங்க நினைத்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

2

விலகுகிறவனுக்கும் உரிமை உண்டு என்பது கம்பெனிகள் மனமிரங்கித் தந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தவணை தவறினால் அதுவரை கட்டியதெல்லாம் போச்சு என்பதே பொது நியதி. அமெரிக்க அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்த எலிசர் ரைட் 1844-ல் லண்டன் போனார். அங்கே ராயல் எக்ஸ்சேஞ்சில், மேற்கொண்டு கட்ட வழியில்லாத கிழவர்களின் பாலிசிகள் ஏலம் விடப்படுவதைப் பார்த்தார். ஏலம் எடுப்பவன் மீதித் தவணைகளைக் கட்டுவான்; கிழவர் செத்தால் பணம் அவனுக்கு. கிழவர் எவ்வளவு சீக்கிரம் சாகிறாரோ அவ்வளவு லாபம். தன் நாட்டு அடிமைச் சந்தைதான் ரைட்டின் நினைவுக்கு வந்தது. அங்கே உடம்பு ஏலத்துக்கு வந்தது, இங்கே சாவு.

ஊர் திரும்பியவர் இதை விடவில்லை. 1858-ல் மாசசூசெட்ஸ் மாநிலக் காப்பீட்டு ஆணையரானார். 1861-ல் அங்கே வந்த சட்டம், தவணை நின்றவுடன் பாலிசியைப் பறிமுதல் செய்வதைத் தடுத்தது. அதுவரை கட்டிய பணத்தில் சேர்ந்திருக்கும் இருப்பைக் கொண்டே பாலிசி இன்னும் சில காலம் உயிரோடிருக்கும். ரொக்கமாகத் திருப்பித்தர வேண்டும் என்ற சட்டம் 1880-ல் வந்தது. 1861-ன் ஏற்பாடும் தானாக நடப்பதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தவணை தவறியவர் மனு எழுத வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். சும்மா இருந்தாலே சட்டம் அவர் பக்கம் வேலை செய்தது. ஆக, தானியங்குவதா இல்லையா என்பதல்ல பிரச்சினை. மௌனம் யாருக்காக இயங்குகிறது என்பதே பிரச்சினை.

நம் நாட்டில் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. மூன்று வருடம் தொடர்ந்து கட்டியிருந்தால் சரண்டர் மதிப்பு உண்டு. அதன்பின் தவணை நின்றாலும் பாலிசி அடியோடு சாகாது, கட்டிய அளவுக்குச் சுருங்கி உயிரோடிருக்கும். மூன்று வருடத்துக்குள் நின்றவர்களுக்குச் சட்டம் எதையும் உறுதி செய்யவில்லை. அந்த மூன்று இரண்டாகக் குறைய 2019 வரை ஆயிற்று. ஒரு வருடம் முழுசாகக் கட்டியவருக்கும் ஏதாவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்க 86 வருடம். இடையில் 'லேப்ஸ்' ஆனவர்கள் விட்டுப்போன காசு எங்கே போயிற்று என்று எந்த வரலாற்று நூலும் கேட்டதாக நான் படித்ததில்லை.

3

இனி மலைக்கு வருவோம். பழனி மலைத்தொடரின் நவீன வரலாறே ஒருவிதக் காப்பீட்டில்தான் தொடங்குகிறது. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் நோய்க்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களா எழும்பியது. வெள்ளை உடலுக்கு மலை ஒரு பாலிசி. பிடிக்காவிட்டால் கப்பலேறிவிடலாம்.

அதே மதுரை மாவட்டத்துச் சமவெளியிலிருந்து இன்னொரு கூட்டமும் மலையேறியது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு காப்பிக்கும் தேயிலைக்கும் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு இறங்குகிற வழி அடைக்கப்பட்டிருந்தது. 1859-ன் 13-ஆவது சட்டம் தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்டது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவனை மாஜிஸ்திரேட் திரும்பப் போய் உழைக்கவோ பணத்தைக் கட்டவோ உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஒப்பந்தத்தை முறிப்பது ஏழைக்கு மட்டும் கிரிமினல் குற்றம். இச்சட்டம் 1926-ல்தான் ஒழிந்தது. இலங்கைக்குப் போனவர்களுக்குத் 'துண்டு' இருந்தது. உன் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் உன்னை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய காகிதம். அதில்லாமல் இன்னொரு தோட்டத்தில் கால் வைக்க முடியாது. துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் காப்பீட்டுப் பிரிமியத்தின் ஒரு விசேஷம் புலப்படும். அது கடன் அல்ல. கட்டாவிட்டால் யாரும் வீட்டுக்கு வந்து அண்டாவைத் தூக்க முடியாது. போட்ட காசு போகும், அவ்வளவுதான். கையால் கட்டிய காலத்தில் ஏழையிடம் ஒரு ஆயுதம் இருந்தது: கட்டாமல் விடுவது. ஏஜெண்ட் வரும்போது 'அப்பறம் பாப்போம்ணே' என்று சொன்னால் முடிந்தது. கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நஷ்டத்தோடு கூடிய விடுதலைதான். ஆனால் எழுத்தறியாதவருக்கும் எட்டக்கூடிய விடுதலை. 'லேப்ஸ்' என்ற சொல்லுக்குள் இயலாமை மட்டுமல்ல, இந்த மறுப்பும் ஒளிந்திருக்கிறது.

4

தானியங்கிப் பிடித்தம் பறித்துக்கொண்டது இந்த ஆயுதத்தைத்தான். முதலில் அது மாதச் சம்பளக்காரர்களிடம் வந்தது: எல்.ஐ.சி.யின் சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் நிர்வாகமே பிரிமியத்தைப் பிடித்து அனுப்பும். 1990-களில் இ.சி.எஸ். மூலம் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிறகு தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் 'நாச்' அதன் இடத்தைப் பிடித்தது. 2015 மே மாதம் தொடங்கிய ஜீவன் ஜோதி, சுரக்ஷா என்ற இரண்டு திட்டங்களும் இதைச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிற கடைசி ஆள் வரை கொண்டுபோயின. ஆயுளுக்கு 330, விபத்துக்கு 12 ரூபாய். 2022 ஜூனிலிருந்து 436-ம் 20-ம். வருடா வருடம் மே கடைசியில் தானாகப் போகும்.

மன்னவனூர் பக்கம் பூண்டு வெள்ளாமை பார்க்கிற, எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் பாஸ்புக்கில் இந்த 456 ரூபாய் போயிருந்தது. 'நான் யாருக்கு தம்பி கையெழுத்துப் போட்டேன்?' என்று கேட்டார். கொடைக்கானலில் அவர் கணக்கு வைத்திருக்கிற வங்கிக்கு இரண்டு பேரும் போனோம். கணக்குத் திறந்த அன்று போட்ட கையெழுத்துகளில் இரண்டு இதற்கானவை, காட்டினார்கள். 'வேணாம்னா லெட்டர் குடுங்க' என்றார்கள். சேர்வதற்கு அச்சடித்த படிவம் கத்தையாக இருந்தது. விலகுவதற்குப் படிவம் கேட்டோம், இல்லை என்றார்கள். வெள்ளைத்தாளில் நான் எழுதினேன். ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போயிற்று.

அந்த அக்கா எல்லாவற்றையும் நிறுத்தவில்லை என்பது முக்கியம். 'இருவது ரூவா கெடக்கட்டும் தம்பி. காட்டுமாடு நடமாடுற எடம், பஸ்சுல மலையேறி எறங்குற பொழப்பு. நானூத்திச் சொச்சம் மட்டும் வேணாம். அது வெதப்பூண்டுக்கு ஆகும்' என்றார். இடர்கணிப்பு அறிஞர்களின் பட்டியலுக்கு வெளியே நின்று தன் உயிரின் இடரைத் தானே கணித்த வாக்கியம் இது. அவரிடம் இப்படி யாரும் முன்பு கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி ஏற்பாடு இருந்தது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குச் சேர்க்கை கட்டாயம். கடனிலிருந்தே பிரிமியம் பிடித்தம். 2020-ல் 'விருப்பம்' என்று மாற்றினார்கள். வேண்டாதவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார். விருப்பம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலிருக்கிறது!

5

'அப்படியானால் பாலிசியே வேண்டாம் என்கிறீரா?' என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. மறதியிலும் பணமுடையிலும் லேப்ஸ் ஆகி, அடுத்த மாதம் சாவு விழுந்து, ஒன்றும் கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் நிறைய. தானாகப் பிடிப்பது அவர்களைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அந்த எந்திரமும் அவர்களுக்குத் தெரியாமலேயே நிற்கும். தில்லி மின்நிறுவன ஊழியர் ஒருவரின் சம்பளத்தில் பிரிமியம் பிடிக்கப்பட்டு, எல்.ஐ.சி.க்கு அனுப்பப்படாமல் போயிற்று. அவர் இறந்தபின் பாலிசி லேப்ஸ் என்றார்கள். பிடித்தம் செய்த நிர்வாகம் எல்.ஐ.சி.யின் முகவரே, எனவே எல்.ஐ.சி. பணம் தர வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அந்த மனைவி வழக்காட வேண்டியிருந்தது.

ஃபூக்கோவின் உதவியாளராக இருந்த ஃபிரான்சுவா எவால்ட், காப்பீடு என்பது வெறும் வியாபாரமல்ல, மனிதர்களை இடர்களின் தொகுப்பாகக் கணக்கிட்டு ஆள்கிற ஒரு ஆட்சிமுறை என்று 1986-ல் விரிவாக எழுதினார். (பின்னாளில் அவரே பிரெஞ்சுக் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பில் வேலைக்குச் சேர்ந்தது தனிக்கதை.) அவரது சட்டகத்தில் நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். இந்த ஆட்சிமுறை நம்மிடம் கேட்பது கீழ்ப்படிதலை அல்ல, மௌனத்தை. 1859-ல் விலகுவது குற்றம். இன்று விலகுவது ஒரு வேலை. கூலியில்லாத, எழுத்து வேலை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இ.சி.எஸ். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது காசோலைக்கு 'ஸ்டாப் பேமெண்ட்' சொல்வதற்குச் சமம், பணம் வாங்குகிற நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை என்றே ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொன்னது. 'கம்பெனியைப் போய்க் கேளுங்க' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து கார்டு வழிப் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு தர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. புதுப் பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் 2024-ல் 15 நாளிலிருந்து 30 நாள் ஆயிற்று. ஆனால் அறிவிப்பு எந்த மொழியில், எந்த எழுத்தில், யார் கையிலிருக்கிற போனுக்கு வருகிறது என்பதில்தான் உரிமை உயிரோடிருக்கிறதா என்பது தெரியும்.

சங்கங்களில் வேலை செய்கிற நண்பர்களுக்கு எளிய கோரிக்கைகளாக இதைச் சொல்லலாம். சேரும் படிவம் வைத்திருக்கிற மேசையிலேயே விலகும் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். கைநாட்டு வைத்துச் சேர்ந்தவர் கைநாட்டு வைத்து விலக முடிய வேண்டும். வருடம் ஒருமுறை பணம் எடுக்குமுன் வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் எடுக்கக் கூடாது. மௌனம் சம்மதம் என்பது நம்மூர்க் கல்யாணப் பேச்சில் பெண்ணின் தலையில் கட்டப்பட்ட பழமொழி. அங்கேயே அதை எதிர்த்துத்தான் வருகிறோம். பாஸ்புக்கிலும் எதிர்க்க வேண்டியிருக்கிறது.