நண்டு நெபுலாவை நிழற்படமெடுத்தல்

நண்டு நெபுலா என்பது, கி.பி. 1054ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் சீனத்து வானநூலார் 'விருந்தாளி விண்மீன்' என்று குறித்துவைத்ததும், இருபத்துமூன்று நாள் பட்டப்பகலிலும் புலப்பட்டுப் பின் இரண்டாண்டளவில் மறைந்ததுமான மீயொளிர் விண்மீனின் சிதறல் எச்சமாகும்.

ஏறத்தாழ 6500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதனைச் சிறிய தொலைநோக்கியில் நோக்குவோர்க்குச் சாம்பல் நிறத் திட்டொன்றே தென்படும். கண்ணுக்கு ஒளியைச் சேமித்துவைக்கும் சக்தியில்லை. கமராவோ நிமிஷக்கணக்கில் அதனைத் திரட்டவல்லது. 1892இல் ஐசக் ராபர்ட்ஸ் இதனை முதன்முதலாக நிழற்படமெடுத்தார். ஐதரசனின் செந்நிற இழைகளும், நொடிக்கு முப்பது முறை சுழலும் நியூத்திரன் விண்மீனின் சக்தியால் உள்ளே பரவிய நீலப் பிரகாசமும் இக்காலப் படங்களில் தெளிவாகப் பதிகின்றன.

ஈழத்தின் வடபாகத்தில், கடனீரேரியும் உப்பளமும் சூழ, ஏறத்தாழ 9½ பாகை வட அகலாங்கிலுள்ள ஆனையிறவில், இடப விண்மீன் கூட்டத்தின் தென்கொம்பு நுனிக்கு ஒரு பாகை வடமேற்கே உள்ள இந்நெபுலா, உச்சிக்கு 12½ பாகை வடக்காகவே கடந்துசெல்வதால், அதன் ஒளி காற்றுமண்டலத்தின் மெல்லிய பாகத்தை மட்டும் ஊடுருவி வருகின்றது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களின் நிலவற்ற முன்னிரவுகளே இதனைப் படமெடுக்க உகந்தவை. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், அதனைப் பின்தொடரும் தாங்கியின் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்துதல் இன்றியமையாதது. ஆனால் இங்கே துருவ விண்மீன் அகலாங்கின் அளவே உயர்ந்து, கடனீரேரியின் மங்கலில் அடிக்கடி மறைந்துவிடும் என்பதால், அதற்குப் பொறுமை வேண்டும். சில நிமிஷப் படங்களைப் பலவாகப் பிடித்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதலே வழக்கம். உப்பளக் காற்றின் ஈரம் வில்லையில் படிந்து உலர்ந்தால் நுண்ணிய உப்புப்படிகம் எஞ்சும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அது வில்லையைக் கீறிவிடுமாதலால், முதலில் ஊதி நீக்கி, பின்னரே ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தல் வேண்டும்.

இப்படங்களின் பெரும்பயன் ஒப்புநோக்குதலே. 1909ஆம் ஆண்டுப் படத்தைத் தாம் 1921இல் எடுத்த படத்துடன் ஒப்பிட்ட ஜோன் டங்கன், நெபுலா விரிவடைவதைக் கண்டார். அவ்விரிவைப் பின்னோக்கிக் கணித்ததன் பயனாகவே, 1928இல் எட்வின் ஹபிள் இதனை 1054ஆம் ஆண்டு விண்மீனுடன் இணைத்தார். ஆகவே, ஆனையிறவில் இன்றெடுக்கும் படத்தை நாளும் கருவியும் குறித்துப் பேணிவைப்போர், பன்னிரண்டாண்டின் பின் அதே கருவியால் மீண்டும் எடுத்து, அவ்விரிவைத் தாமே அளந்தறிய முயலலாம்.