வாத வரைபடமும் மணிமேகலையின் ஏதுவும்

ஒரு முடிவையும் அதற்குரிய காரணங்களையும் மறுப்புகளையும் பெட்டிகளில் இட்டுக் கோடுகளால் இணைத்துக் காட்டுவதை வாத வரைபடம் என்கிறோம். இதற்கான மென்பொருள்கள் புதியன. வாதத்தை உறுப்புகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையோ தமிழுக்குப் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளை விளக்குகிறார். மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகை இருத்தல் ஏது, அடுக்களை திட்டாந்தம். அத்துடன் அமையாது, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் பிழைகளையும் வகுத்துரைக்கிறார்.

பின்வந்த உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தை ‘எனின்’ என எழுப்பி, ‘அற்றன்று’ என மறுத்து, ‘ஆகலான்’ எனக் காரணம் காட்டினர். இன்றைய பெட்டியும் கோடும் செய்யும் பணியை அவர்களுக்கு இச்சொற்களே செய்தன.

மேலைநாட்டார் இதனைப் படமாக்கினர். 1913இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர் வழக்குச் சான்றுகளைக் குறியீடுகளாலும் கோடுகளாலும் இணைத்து வரைந்தார். 1958இல் ஸ்டீபன் டூல்மின், தரவிலிருந்து முடிவுக்குச் செல்ல இடந்தரும் பொதுவிதியைத் தனி உறுப்பாகக் காட்டினார். 2000ஆம் ஆண்டையொட்டி மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் டிம் வான் கெல்டர் குழுவினர் உருவாக்கிய ரீசனபிள் மென்பொருளும், அதன் வழிவந்த ராஷனேலும் இம்முறையை வகுப்பறைக்குக் கொணர்ந்தன. ராஷனேலில் முடிவு உச்சியில் நிற்கும். கீழே காரணம் பச்சையிலும் மறுப்பு சிவப்பிலும் அமையும். ஆதலால் எந்தக் கிளை இன்னும் சோதிக்கப்படவில்லை என்பது ஒரே பார்வையில் புலனாகும்.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஐ-திங்க் திட்டத்தின் எட்டுச் சிந்தனை வரைபடங்களை அறிவர். காரண விளைவுகளைக் காட்டும் பல்நிலை நிரலொழுங்கு வரைபடம் அவற்றுள் ஒன்று. ஆயினும் அதில் மறுப்புக்கெனத் தனி இடமில்லை. இக்குறை சிறிதன்று.

தெலுக் பங்லிமா காராங் மாணவர் ஒருவர், ‘வாய்க்கால் நிரம்பியுள்ளது, ஆதலால் மழை பெய்துள்ளது’ என்று எழுதுவதாகக் கொள்வோம். பெட்டியில் இட்டு அம்புக்குறி வரைந்தவுடன் அக்காரணம் உறுதியானதுபோல் தோன்றும். ஆனால் கடலை அடுத்த பகுதியில் கடல்பெருக்கின்போதும் வாய்க்கால் நிரம்பலாம் அன்றோ? மழை உள்ளபோதும் இல்லாதபோதும் காணப்படும் இத்தகைய ஏதுவை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் போலிவகையுள் அடக்கும். வண்ணமும் வடிவமும் இப்பிழையைத் தாமே காட்டமாட்டா. மறுப்புக்குரிய வெற்றுப் பெட்டியொன்று அங்கிருப்பின், அதை நிரப்ப முயலும் மாணவரே அதனைக் கண்டுகொள்வார்.

எனவே ஆசிரியர்கள் நான்கு படிகளைக் கைக்கொள்ளலாம். முதலில் பத்தியிலுள்ள ஆதலால், ஏனெனில், எனினும் ஆகிய சொற்களை அடிக்கோடிடச் செய்க. அடுத்து வரைபடம் வரையச் செய்க. பின்னர் ஒவ்வொரு காரணத்தின் கீழும் ஒரு மறுப்பைத் தேடச் செய்க. இறுதியில் வரைபடத்தை மீண்டும் பத்தியாக எழுதச் செய்க. இதற்குக் கணினி இருப்பின் நன்று. இல்லையேல் கரும்பலகையும் இருவண்ணச் சுண்ணக்கட்டியும் போதும்.