எட்வர்ட் ராய்பால்: வீடு வீடாகப் போய் ஜெயித்தவர்

லாஸ் ஏஞ்சல்ஸ் என்பதே ஸ்பானிஷ் பெயர். 1840-கள் வரை அந்த ஊர் மெக்சிகோவிடம்தான் இருந்தது. ஆனால் 1881-க்குப் பிறகு 68 ஆண்டுகள் அதன் நகர சபையில் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை! 1949-ல் இதை மாற்றியவர் எட்வர்ட் ராய்பால்.

1916-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தார். 1922-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸின் பாயில் ஹைட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மெக்சிகோக்காரர்கள், யூதர்கள், ஜப்பானியர்கள் கலந்து வாழ்ந்த தொழிலாளர் பகுதி அது.

ராய்பால் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, சுகாதாரக் கல்வியாளர். காசநோய் பற்றி மக்களுக்குச் சொல்லித்தருவதுதான் அவர் வேலை.

1947-ல் நகர சபைத் தேர்தலில் நின்று தோற்றார். அப்போது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது அவரவர் பொறுப்பாக இருந்தது. அவருடைய மக்களில் பலர் பட்டியலிலேயே இல்லை. தோற்ற கையோடு, ஃப்ரெட் ராஸ் என்பவருடன் சேர்ந்து அவரும் ஆதரவாளர்களும் 'சமூக சேவை அமைப்பை' வளர்த்தார்கள். வீடு வீடாகப் போய் சுமார் 15,000 பேரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த தேர்தலில், 1949-ல், பதவியில் இருந்தவரையே தோற்கடித்தார் ராய்பால்.

ஜெயித்ததும் அடங்கிப் போய்விடவில்லை. 1950-ல் கம்யூனிஸ்ட்டுகள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. கம்யூனிஸ்ட் என்ற சொல்லுக்கே நாடு பயந்த காலம். சபையில் அதை எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. 1959-ல் சாவேஸ் ரவைன் பகுதியில் கடைசிக் குடும்பங்களைப் போலீசார் வெளியேற்றியபோதும் எதிர்த்துப் பேசினார். அங்கேதான் 1962-ல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டது.

அதே 1962-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி 30 ஆண்டுகள் இருந்தார். ஆங்கிலம் தெரியாத குழந்தைகளுக்கு உதவும் 1968-ஆம் ஆண்டின் இருமொழிக் கல்விச் சட்டத்துக்காகப் பாடுபட்டார்.

ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. அவர் விலகிய பிறகு நகர சபைக்கு அடுத்த லத்தீனோ உறுப்பினர் வந்தது 1985-ல்தான். ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் போதாது, அது மறுபடி மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

2005-ல் ராய்பால் மறைந்தார். அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமை வளாகத்துக்கு 1999-லேயே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். காசநோய் பற்றிப் பாடம் சொன்னவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை ஏது!